காற்றால் குளிரும் ஹைட்ரஜன் மின்கலம்: பெரிய விசிறி போட்டால் போதுமா?



இந்த வாரப் பாடத்தை நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி அறிவியல் கழக மாணவர்கள் ஒரு சிறிய ஹைட்ரஜன் வண்டியைச் செய்தார்கள். அதற்கு உயிர் கொடுத்தது 100 வாட் திறன் கொண்ட ஓர் எரிபொருள் மின்கல அடுக்கு. அது எங்களுடையது அன்று, இரவல் வாங்கியது. கெட்டுப்போனால் புதிதாக வாங்கித் தர எங்களிடம் பணம் இல்லை. பள்ளித் திறந்தவெளி நாளுக்கு ஒரு வாரம் இருந்தபோது வண்டியை வெயிலில் ஓட்டிப் பார்த்தோம். நான்கு நிமிடம் ஓடியது, நின்றது. மின்கலத்தின் வெப்பம் 65 பாகை செல்சியசைத் தொட்டதும் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்துவிட்டது. ஆற வைத்து மீண்டும் ஓட்டினோம். இந்த முறை மூன்றே நிமிடம்.

"விசிறி போதவில்லை, பெரிதாக ஒன்று வாங்குவோம்" என்றேன். மாணவர்கள் கைச்செலவுக் காசைச் சேர்த்து நாற்பது ரிங்கிட்டுக்கு ஒரு விசிறி வாங்கி வந்தார்கள். பொருத்தினோம். வண்டி மீண்டும் மூன்று நிமிடத்தில் நின்றது!

ஏன்? விடை கட்டுரையின் பாதியில் இருக்கிறது. அதற்குள் நீங்களே கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள்.

மின்சாரம் பாதி, வெப்பம் பாதி

எரிபொருள் மின்கலம் புதிய கண்டுபிடிப்பு அன்று. வில்லியம் குரோவ் என்ற அறிஞர் 1842இலேயே ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கொண்டு மின்சாரம் எடுத்துக் காட்டினார். 1965இல் ஜெமினி 5 விண்கலத்தில் இது பயன்பட்டது. இன்று கூச்சிங் நகரின் ஹைட்ரஜன் பேருந்துகளுக்குள்ளும் இருப்பது இதன் வளர்ச்சி பெற்ற வடிவமே.

வேலை செய்யும் முறை எளிது. நடுவில் மெல்லிய ஞெகிழிச் சவ்வு ஒன்று இருக்கும். அதன் இரு பக்கமும் பிளாட்டினம் கலந்த வினையூக்கிப் பூச்சு. ஒரு பக்கம் ஹைட்ரஜன் வருகிறது. மறு பக்கம் காற்று வருகிறது. ஹைட்ரஜன் அணு தன் எலெக்ட்ரானை விட்டுவிட்டுப் புரோட்டானாகச் சவ்வைக் கடக்கிறது. சவ்வு எலெக்ட்ரானை விடாது. ஆகவே எலெக்ட்ரான் கம்பி வழியே சுற்றிக்கொண்டு வருகிறது. அந்த ஓட்டம்தான் நமக்குக் கிடைக்கும் மின்சாரம். காற்றுப் பக்கத்தில் புரோட்டானும் எலெக்ட்ரானும் ஆக்சிஜனும் கூடி நீராகின்றன.

புகை இல்லை, சத்தம் இல்லை. ஆனால் வெப்பம் உண்டு. எவ்வளவு?

ஹைட்ரஜனின் வேதி ஆற்றல் முழுவதும் மின்சாரமாக மாறினால் ஒரு கலம் 1.25 வோல்ட் தர வேண்டும். இது, உண்டாகும் நீர் ஆவியாக வெளியேறுவதாகக் கொண்ட கணக்கு. நடைமுறையில் சுமை ஏற்றிய கலம் 0.6 முதல் 0.7 வோல்ட் வரைதான் தரும். 0.625 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். அது 1.25இல் சரிபாதி. மீதிப் பாதி வெப்பமாகிறது.

எங்கள் அடுக்கில் 20 கலங்கள் என்று கொண்டால், 20 பெருக்கல் 0.625 ஆக 12.5 வோல்ட். மின்னோட்டம் 8 ஆம்பியர். திறன் 100 வாட். அப்படியானால் வெப்பமும் 100 வாட். ஒரு கையளவுப் பெட்டிக்குள் பழைய 100 வாட் குண்டு விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் இயந்திரமும் நிறைய வெப்பத்தை வீணாக்குகிறது. ஆனால் அதில் பெரும்பங்கு கொதிக்கும் புகையாகப் புகைபோக்கி வழியே தானே வெளியேறிவிடும். ஹைட்ரஜன் மின்கலத்துக்கு அந்த வசதி இல்லை. அதன் உடல் 60 பாகை சூட்டில்தான் இருக்கிறது. வெளியே நம் ஊர்க் காற்று 30 பாகைக்கு மேல் இருக்கிறது. இடைவெளி மிகக் குறைவு. சூடான பொருளைக் குளிர்விப்பது எளிது. வெதுவெதுப்பான பொருளை வெதுவெதுப்பான காற்றால் குளிர்விப்பதுதான் கடினம்.

எவ்வளவு காற்று வேண்டும்?

நான்காம் படிவ இயற்பியலில் 'முவாத்தான் ஹாபா தெந்து' படிக்கிறீர்கள் அல்லவா? தமிழில் தன்வெப்பக் கொள்ளளவு. அதே சூத்திரம்தான் இங்கே.

ஒரு கிராம் காற்றின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 1 ஜூல் வேண்டும். 30 பாகையில் நுழையும் காற்று 55 பாகையில் வெளியேறட்டும். ஒவ்வொரு கிராமும் 25 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். நொடிக்கு 100 ஜூல் வெளியேற வேண்டும். ஆகவே நொடிக்கு 4 கிராம் காற்று தேவை. கனஅளவில் ஏறக்குறைய மூன்றரை லிட்டர்.

இப்போது இன்னொரு கணக்கு. வேதிவினைக்குத் தேவையான ஆக்சிஜனைக் கொடுக்க எவ்வளவு காற்று வேண்டும்? இதே 100 வாட் அடுக்குக்கு நொடிக்கு 0.057 கிராம் போதும். அதாவது மூச்சு விடத் தேவைப்படும் காற்றைப்போல் 70 மடங்கு காற்று உடலைக் குளிர்விக்கவே தேவைப்படுகிறது!

சிறிய மின்கலங்களில் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே காற்றே செய்கிறது. காற்றுப் பக்கம் திறந்தே இருக்கும். விசிறி ஒன்று அதன் வழியே காற்றைச் செலுத்தும். ஆக்சிஜன் கொடுப்பதும் அதே காற்று, வெப்பத்தை அள்ளிச் செல்வதும் அதே காற்று. பம்பு இல்லை, குழாய் இல்லை, ரேடியேட்டர் இல்லை. எடை குறைவு. அதனால்தான் ட்ரோன்களுக்கும், சிறு வண்டிகளுக்கும், தொலைத்தொடர்புக் கோபுரங்களின் அவசர மின்சாரத்துக்கும் இவ்வகை விரும்பப்படுகிறது. இத்தகைய அடுக்குகளைச் செய்யும் ஹொரைசன் நிறுவனம் 2003இல் நம் பக்கத்து நாடான சிங்கப்பூரில் தொடங்கப்பட்டதே.

சவ்வுக்குத் தாகம் எடுக்கும்

வெப்பம் கூடினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். 65 பாகையில் எதுவும் உருகாது. கெடுவது சவ்வின் ஈரம்.

அந்தச் சவ்வு ஈரமாக இருந்தால்தான் புரோட்டானைக் கடத்தும். உலர்ந்தால் அதன் மின்தடை ஏறும். தடை ஏறினால் இன்னும் வெப்பம் உண்டாகும். வெப்பம் கூடினால் இன்னும் உலரும். இது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் ஒரு சுழல். முற்றினால் சவ்வில் நுண்துளை விழும். பிறகு ஹைட்ரஜனும் காற்றும் நேரடியாகக் கலக்கும். அந்தக் கலத்தின் கதை முடிந்தது.

சூடு ஏன் உலர்த்துகிறது? நம் ஊர்க் காற்றை எடுத்துக்கொள்வோம். 30 பாகை, ஈரப்பதம் 80 விழுக்காடு. துணி காயாத நாள். இதே காற்றை 55 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 21 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். காற்றிலிருந்த நீர் எங்கும் போகவில்லை. காற்றின் 'கொள்ளளவு' பெருகிவிட்டது. அதன் தாகம் கூடிவிட்டது. அந்தத் தாகத்தைச் சவ்விடம் தீர்த்துக்கொள்ளும்.

குளிர் நாட்டில் நிலைமை இன்னும் மோசம். 5 பாகை, 60 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றை 55 பாகைக்குச் சூடாக்கினால் மிஞ்சுவது 3 விழுக்காடு மட்டுமே. ஆகவே நமக்கு ஒரு பாதகமும் ஒரு சாதகமும் உண்டு. நம் வெயில் குளிர்விப்பதைக் கடினமாக்குகிறது. நம் புழுக்கம் சவ்வை ஓரளவு காக்கிறது.

அளவுக்கு மீறிக் குளிர்வித்தாலும் தொல்லைதான். வெப்பநிலை மிக இறங்கினால் வேதிவினை மந்தமாகும். உண்டான நீர் ஆவியாகாமல் தங்கி நுண்துளைகளை அடைக்கும். ஆக்சிஜன் உள்ளே போக வழியிருக்காது. ஆகவே நம் இலக்கு 'முடிந்த அளவு குளிர்' அன்று. எல்லாக் கலங்களும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில், தாங்கக்கூடிய எல்லைக்குள் இருப்பதே இலக்கு.

எங்கள் வண்டி ஏன் நின்றது?

இப்போது புதிருக்கு வருவோம். பெரிய விசிறி தோற்றுப்போன மறுநாள் ஒரு நான்காம் படிவ மாணவி கேட்டாள்: "டீச்சர், வெளியே வர்ற காத்தோட சூட்டைத்தானே பார்த்தோம். உள்ளே போற காத்து எவ்வளவு சூடுன்னு பார்க்கலையே?"

உண்மைதான். யாரும் பார்க்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

வெப்பமானியை விசிறியின் நுழைவாயிலில் வைத்தோம். திடலில் காற்று 33 பாகை. விசிறிக்குள் நுழைந்த காற்றோ 44 பாகை! வண்டியை அழகாக்க நாங்கள் போட்ட ஞெகிழி மூடிதான் காரணம். பின்னால் வெளியேறிய சூடான காற்று மூடிக்குள்ளேயே திரும்பி வந்து, மீண்டும் விசிறிக்குள் நுழைந்தது. பெரிய விசிறி அதே சூடான காற்றை இன்னும் வேகமாகச் சுற்றிவிட்டது, அவ்வளவுதான்.

கணக்கு இதோ. 33 பாகையில் நுழைந்து 55இல் வெளியேறினால் இடைவெளி 22. நொடிக்குத் தேவை நாலரை கிராம். 44இல் நுழைந்தால் இடைவெளி 11 மட்டுமே. தேவை 9 கிராம். சரியாக இரு மடங்கு.

"சரி, விசிறியை இரு மடங்கு வேகமாகச் சுற்றினால் தீர்ந்தது" என்று நினைக்காதீர்கள். விசிறிக்கு ஒரு விதி உண்டு. வேகம் இரட்டித்தால் காற்று இரட்டிக்கும். ஆனால் விசிறி உண்ணும் மின்திறன் எட்டு மடங்காகும். இரண்டின் மும்மடி எட்டு. 2 வாட் உண்ட விசிறி 16 வாட் உண்ணும். 100 வாட் தரும் மின்கலத்தில் 16 வாட் தன்னைக் குளிர்விக்கவே போய்விட்டால் வண்டிக்கு என்ன மிஞ்சும்?

குளிர்விப்பை மேம்படுத்தும் வழிகள்

செலவு குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வழி: புதிய காற்றுக்குத் தனிப் பாதை. உள்ளே வரும் வழியும் வெளியேறும் வழியும் ஒன்றையொன்று சந்திக்கக் கூடாது. நாங்கள் அட்டையால் ஒரு குழல் செய்து வண்டியின் முன்பக்கத்திலிருந்து நேராக மின்கலத்துக்குக் காற்றைக் கொண்டுவந்தோம். பின்பக்கம் மூடியில் ஒரு பெரிய துவாரம் வெட்டினோம். இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. இத்தகைய கலங்கள் அவ்வப்போது சிறிதளவு ஹைட்ரஜனை வெளியே விடும். காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காட்டைத் தாண்டினால் தீப்பற்றக்கூடும். காற்றோட்டமில்லாத மூடி இரட்டை ஆபத்து.

இரண்டாம் வழி: தள்ளாதே, இழு. விசிறியை முன்னால் வைத்து ஊதினால் காற்று சுழன்றுகொண்டே வரும். விசிறியின் நடுக்குமிழுக்கு நேர் எதிரே காற்று குறைவு, ஓரத்தில் அதிகம். நடுக் கலங்கள் வேகும், ஓரக் கலங்கள் குளிரும். சராசரி வெப்பநிலை நன்றாகத்தான் இருக்கும். ஒரு கலம் மட்டும் உள்ளே செத்துக்கொண்டிருக்கும். விசிறியைப் பின்னால் வைத்து இழுத்தால் எல்லாக் கால்வாய்களிலும் காற்று ஏறக்குறைய சமமாக நுழையும். விசிறிக்கும் மின்கலத்துக்கும் நடுவில் சற்று வெற்றிடை விட்டால் இன்னும் சீராகும். ஒரு குறை: விசிறிக்கு வருவது சூடான காற்று. அதைத் தாங்கும் விசிறியாக இருக்க வேண்டும்.

மூன்றாம் வழி: கசிவை அடை. காற்று சோம்பேறி. நெருக்கமான கால்வாய்களை விட்டுவிட்டு, மின்கலத்துக்கும் உறைக்கும் இடையிலுள்ள சந்து வழியே தப்பிவிடும். அந்தக் காற்றைத் தள்ளச் செலவழித்த மின்சாரம் வீண். கொஞ்சம் நுரைப்பட்டை ஒட்டினால் போதும்.

நான்காம் வழி: தேவைக்கேற்ப வேகம். விசிறி எப்போதும் முழு வேகத்தில் சுற்ற வேண்டியதில்லை. வெப்ப உணரி ஒன்றைப் பொருத்தி, சுமை குறையும்போது வேகத்தைக் குறைக்கலாம். மும்மடி விதி இங்கே நமக்குச் சாதகம். வேகத்தைப் பாதியாக்கினால் விசிறியின் மின்செலவு எட்டில் ஒரு பங்காகும். சுமை குறைந்த நேரத்தில் கலம் தேவையில்லாமல் குளிர்வதும் தவிர்க்கப்படும்.

ஐந்தாம் வழி: கால்வாயின் வடிவம். இது பொறியாளர்களின் வேலை. கால்வாய் குறுகலானால் காற்று சுவரை நெருங்கி உரசும். வெப்பத்தை நன்றாக வாங்கும். ஆனால் காற்றைத் தள்ளுவது கடினமாகும். வட்டக் குழாய் ஒன்றின் விட்டத்தைப் பாதியாக்கி, அதே அளவு காற்றை அமைதியான ஓட்டமாக அனுப்ப வேண்டுமானால் 16 மடங்கு அழுத்தம் தேவை. அகலமாக்கினால் விசிறிக்குச் சுகம். ஆனால் ஒவ்வொரு கலமும் தடித்து, அடுக்கு பெருத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான அளவைத் தேடுவதில்தான் பல ஆய்வாளர்களின் உழைப்பு செல்கிறது.

ஆறாம் வழி: வெப்பத்தைப் பரப்பு. காற்று நுழையும் ஓரம் குளிராகவும் வெளியேறும் ஓரம் சூடாகவும் இருக்கும். இந்த வேறுபாட்டைக் குறைக்க, கலங்களுக்கிடையில் வெப்பத்தை நன்கு கடத்தும் தகடுகளை வைக்கலாம். துருவேறா எஃகைவிடச் செம்பு ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பம் கடத்தும். ஆனால் செம்பு கனமானது, அரிப்புக்கும் உள்ளாகும். எனவே இலேசான கிராஃபைட் தகடுகள் விரும்பப்படுகின்றன. மடிக்கணினிகளில் உள்ள வெப்பக் குழாயையும் பயன்படுத்தலாம். அதற்குள் ஒரு நீர்மம் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் நீர்மமாகி, வெப்பத்தைச் சுமந்துகொண்டே இருக்கும்.

ஏழாம் வழி: நீரின் மறைவெப்பம். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படி? ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் எடுக்கும். ஒரு கிராம் காற்று 25 பாகை சூடாகி எடுத்துச் சென்றது 25 ஜூல்தான் என்பதை நினைவில் கொள்ளுங்கள். நுழையும் காற்றில் நொடிக்கு நூறில் ஒரு கிராம் நீரை நுண்துளியாகத் தெளித்தால்கூட 24 வாட் வெப்பம் குறையும். சவ்வின் தாகமும் தணியும். ஆனால் மணிக்கு 36 கிராம் நீரைச் சுமக்க வேண்டும். தெளிப்பு கூடினால் கால்வாய் அடைபடும்.

எதுவரை காற்று போதும்?

மின்கலம் பெரிதாகப் பெரிதாக உள்ளே உண்டாகும் வெப்பம் கூடும்; வெளியே தள்ளும் பரப்போ அதே வேகத்தில் கூடாது. சில கிலோவாட்டுக்கு மேல் போனால் நீர்மக் குளிர்விப்புக்கு மாறுவதே வழக்கம். காரணம் எளிது. ஒரே கனஅளவில் நீர், காற்றைப்போல் ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். பேருந்துகளிலும் கார்களிலும் நீர்மக் குளிர்விப்பு இருப்பது இதனால்தான். ஆனால் ஒரு ட்ரோனில் பம்பையும் ரேடியேட்டரையும் ஏற்றினால் அது பறக்கும் நேரம் சுருங்கும். அங்கே காற்றுதான் துணை. ஆகவே காற்றைச் சிக்கனமாக, சீராகப் பயன்படுத்தும் அறிவுக்கு எப்போதும் தேவை உண்டு.

எங்கள் வண்டி என்னவாயிற்று? பழைய சின்ன விசிறியையே பின்பக்கம் திருப்பிப் பொருத்தினோம். அட்டைக் குழல், நுரைப்பட்டை, மூடியில் ஒரு துவாரம். மொத்தச் செலவு ஐந்து ரிங்கிட்டுக்குள். திறந்தவெளி நாளில் நண்பகல் வெயிலில் இருபது நிமிடம் நிற்காமல் ஓடியது. இரவல் வாங்கிய மின்கலத்தை நல்லபடியாகத் திருப்பிக் கொடுத்தோம். நாற்பது ரிங்கிட் விசிறி இன்னும் ஆய்வகத்தில் இருக்கிறது. புதிய மாணவர்கள் வரும்போது அதைக் காட்டி இந்தக் கதையைச் சொல்கிறேன்: காசைச் செலவழிக்கும் முன் வெப்பமானியைச் செலவழியுங்கள்.

செய்து பாருங்கள்

ஹைட்ரஜன் வேண்டாம், அதை ஆசிரியர் இல்லாமல் தொடவே கூடாது. பழைய கணினி விசிறி ஒன்றும், இரு பக்கமும் திறந்த சிறிய அட்டைப் பெட்டி ஒன்றும், உறிஞ்சுகுழல்களும் போதும். குழல்களைச் சம நீளத்தில் வெட்டிப் பெட்டிக்குள் நெருக்கமாக அடுக்குங்கள். இவைதான் கால்வாய்கள். விசிறியைப் பெட்டியின் ஒரு முனையில் ஊதும்படி வையுங்கள். மறு முனையில் மெல்லிய தாள் நாடாக்களைத் தொங்கவிட்டு, எந்த நாடா அதிகம் ஆடுகிறது, எது அசையாமல் நிற்கிறது என்று வரைந்துகொள்ளுங்கள். பிறகு விசிறியைத் திருப்பி இழுக்கும்படி வையுங்கள். இப்போது நுழைவுப் பக்கத்தில் ஊதுபத்திப் புகையை இடமும் வலமும் நகர்த்தி, எல்லாக் குழல்களும் புகையை ஒரே மாதிரி உறிஞ்சுகின்றனவா என்று கவனியுங்கள். புகையைத் தாள் நாடாக்களுக்கு அருகில் கொண்டு போகாதீர்கள்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. 200 வாட் மின்கல அடுக்கு ஒன்றில் ஒவ்வொரு கலமும் 0.625 வோல்ட் தருகிறது. காற்று 30 பாகையில் நுழைந்து 50 பாகையில் வெளியேறுகிறது. நொடிக்கு எத்தனை கிராம் காற்று தேவை?

2. விசிறியின் வேகத்தை 20 விழுக்காடு குறைத்தால் அதன் மின்செலவு ஏறத்தாழ எவ்வளவாகும்?

3. ஒரு மின்கல அடுக்கின் சராசரி வெப்பநிலை 50 பாகை. ஆயினும் பாதுகாப்புச் சுற்று அதை நிறுத்திவிட்டது. என்ன நடந்திருக்கலாம்?

விடைகள்: 1. 10 கிராம். 2. ஏறத்தாழ பாதி, 0.8இன் மும்மடி 0.512. 3. காற்று சமமாகப் பரவாமல் ஏதோ ஒரு கலம் மட்டும் எல்லையைத் தாண்டியிருக்கலாம். சராசரியை நம்பி ஏமாறக் கூடாது.